ஆஃப்சைடு இல்லையா?

நான்காம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள சிட்டு,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமாக இருப்பதாக உன் அம்மா சொன்னதும் பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சம்பிரதாயத்தை இரண்டு பேருமே விட்டுவிடலாம்.

கைபேசி எண்ணை மாற்றிவிட்டாய். மின்னஞ்சலைத் திறப்பதில்லை. கடல் தாண்டி உன் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஊருக்குப் போய் ஒளிந்துகொண்டால் அக்காவால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. போன வியாழக்கிழமை உன் அம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். "எந்தப் பத்திரிகை?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டார். நான்தான் என்று தெரிந்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. சாப்பாட்டு மேசையில் பதினாறு மூக்குக் கண்ணாடிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அந்த ஆட்டத்துக்குப் பிறகு, உனக்குக் கண் தெரியாது என்று கேலி செய்து உன் பெயருக்குக் கூரியரில் வந்தவையாம். "இதுல ஒண்ணு எனக்குச் சரியா இருக்கும்மா, அதப் போட்டுத்தான் பேப்பர் படிக்கிறேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் விழித்தேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

முகவரியை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் அங்கே நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறாள், நிம்மதியாக இருக்கிறாள், விட்டுவிடு என்றார். நீ புத்தகம் அடுக்குகிறாயா! ஓர் ஆட்டத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓடுகிறவள், கல்யாண மேடையில்கூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே நின்றவள், அலமாரிக்கு முன்னால் நிம்மதியாக நிற்கிறாயா? யாரிடம் கதை விடுகிறாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கால்பந்து நடுவர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்குவதாக வந்த கடிதத்தில் கடைசிப் பத்தியை நீ படித்திருக்க மாட்டாய். கடைசிப் பத்தி வரைக்கும் போகிற பொறுமை உனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் இருக்கிறது. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு கெடு முடிகிறது. அதைத் தாண்டிவிட்டால் எந்தத் தொழில்முறை ஆட்டத்திலும் இனி நீ விசில் ஊத முடியாது. விசாரணையில் நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அன்றைய ஒலிப்பதிவு. அதைப் போட்டுக் கேட்க வேண்டுமானால் அதில் பேசுகிற இரண்டு பேருமே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடம் உன்னுடையது.

எதற்கு ஒலிப்பதிவு என்று நீ கேட்கலாம். "என் காதில் தவறாக விழுந்துவிட்டது" என்று நீயேதான் எழுதிக் கொடுத்துவிட்டாயே. சிட்டு, உன் காதில் எதுவும் தவறாக விழவில்லை. நான் என்ன சொன்னேனோ அதுதான் விழுந்தது.

எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் வருகிறது. எண்பத்து நான்காவது நிமிடம். சிவப்பு அணிக்காரன் கோல் போட்டான். எல்லைக் கோட்டில் நின்ற உதவி நடுவர் கொடியைத் தூக்கவில்லை. நீ கோல் கொடுத்தாய். இங்கே மூன்றாம் மாடியில், கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலும் ஏசி தண்ணீர் சொட்டும் வாளியுமாக நம் வீடியோ அறை. நான் நாற்காலியில். பக்கத்தில் திரைகளை இயக்கும் நம் ரீப்ளே. எதையும் இரண்டு தடவை சொல்லுகிற மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பட்டப்பெயர் கிடைக்காது என்று நீதான் வைத்தாய். பந்து காலைவிட்டுப் பிரிகிற அந்த ஒரு படத்தை அவர் பிடித்து நிறுத்திக் கோட்டைப் போட்டார். நீல அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனின் குதிகாலைத் தாண்டி, கோல் போட்டவனின் முட்டி நாலு விரல் முன்னால் இருந்தது. ஆஃப்சைடு, கோல் செல்லாது. அதில் சந்தேகமே கிடையாது.

உன் ஹெட்செட்டில் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அக்கா, ஆஃப்சைடு இல்லையா?" என்று கேட்டாய். நான் "ஆமா" என்றேன்.

நீ கேட்டது, ஆஃப்சைடு கிடையாதா, கோலை வைத்துக்கொள்ளலாமா என்று. என் காதில் விழுந்தது வேறு. நடுவில் ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டது. "ஆஃப்சைடு, இல்லையா?" என்று, அப்படித்தானே என்கிற தொனியில் கேட்டது. நீ கேட்டதற்கு என் "ஆமா" கோல் என்று அர்த்தம். என் காதில் விழுந்ததற்கு அதே "ஆமா" கோல் இல்லை என்று அர்த்தம். முப்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் காற்புள்ளி யார் காதில் விழும்? நீ நன்றி சொல்லிவிட்டு, கோல்தான் என்று மைய வட்டத்தைக் காட்டினாய். நான் அந்தப் பாழாய்ப்போன முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சென்டர்ல வச்சுட்டாங்க மேடம், சென்டர்ல வச்சுட்டாங்க" என்று ரீப்ளே அலறியபோதுதான் நிமிர்ந்தேன். அதற்குள் பந்தை உதைத்துவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்பைத் தொட முடியாது. நீல அணி அந்த ஒரு கோலில் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

மறுநாள் காலை நடுவர் துறைச் செயலாளர் ஓர் அறிக்கையை நீட்டினார். "கள நடுவர் தவறாகப் புரிந்துகொண்டார்" என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால் நியாயமான பதில் என்னிடம் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். என் முட்டி போய் ஓட முடியாமல் ஆன பிறகு எனக்கு மிச்சம் இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால், சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து நடுவர்களைத் திட்டும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நானும் உட்கார வேண்டியதுதான். இப்படியெல்லாம் யோசித்துத்தான் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நீ இப்போது இதைக் கசக்கி எறிந்தாலும் நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கசக்குவதற்கு முன்னால் படிவத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடு. முதலில் கையெழுத்து, அப்புறம் கோபம்.

உன் மேல் கோபமாகவும் தன் மேல் அதைவிட அதிகக் கோபமாகவும் இருக்கும்,
அக்கா

பதினாறாம் தேதி, சனிக்கிழமை

அன்புள்ள சிட்டு,

உன் பதில் வந்தது. பெரிய உறை, உள்ளே இரண்டே வரி. "விட்டுடுங்க அக்கா. எனக்கு இது போதும்." தபால்தலை ஒட்டியிருந்த இடம்தான் எழுத்தைவிடப் பெரிதாக இருந்தது. படிவத்தைக் காணோம். அதை என்ன செய்தாய்? உன் நூலகத்தில் ஏதாவது புத்தகத்துக்குள் அடையாளத்துக்குச் செருகிவிட்டாயா? பரவாயில்லை, இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். இதையும் தொலைத்தால் மூன்றாவது வரும். என் பையில் இன்னும் ஒன்பது பிரதி இருக்கிறது.

"இது போதும்" என்று எழுதியிருக்கிறாயே, யாருக்குப் போதும்? உன் நீக்கக் கடிதம் வந்த பிறகு நம் பட்டியலில் இருந்த மற்ற மூன்று பெண்களுக்கு ஆட்டமே ஒதுக்கவில்லை. ஒருத்திக்கு மட்டும் கொடி கொடுத்து எல்லைக் கோட்டில் நிற்க வைத்தார்கள், அதுவும் பயிற்சி ஆட்டத்தில். ஏன் என்று கேட்டதற்கு, கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும் என்று சொன்னார்களாம். ஓர் ஆண் நடுவர் போன வருஷம், இரண்டிலேயே வெளியே அனுப்ப வேண்டிய ஒரே ஆட்டக்காரனுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு ஆண்கள் எல்லாருமே எண்ணத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னார்களா? எனக்கு எரிகிறது.

அதனால் சும்மா இருக்கவில்லை. போன சனிக்கிழமை நடுவர்களுக்கான மாதப் பயிற்சி இருந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். ரீப்ளேயை அழைத்துக்கொண்டு போய், உன் கேள்வியை அப்படியே என் குரலில் பதிவு செய்து, மேலே கூட்டத்தின் இரைச்சலைச் சேர்த்து, ஒலிபெருக்கியில் போட்டோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால் நீங்கள் கோல் கொடுப்பீர்களா மாட்டீர்களா, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எழுதுங்கள் என்றேன். இருபத்திரண்டு பேர் கோல் என்று எழுதினார்கள். பதினேழு பேர் கோல் இல்லை என்று எழுதினார்கள். ஒருவர் இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்து, "இன்னொரு தடவை போடுங்க" என்று எழுதியிருந்தார். உண்மையில் சரியான விடை அதுதான்.

நாற்பது சீட்டையும் கொண்டு போய்ச் செயலாளர் மேசையில் வைத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் புதிய இயந்திரம் வரப்போகிறதாம். கூரையைச் சுற்றிப் பன்னிரண்டு கேமராவாம். கால், முட்டி, தோள் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக் கோட்டையும் தானே போட்டுவிடுமாம். "அப்புறம் உங்க இலக்கணப் பாடம் எதுக்கும்மா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே பார் ஒரு கோபம். கோட்டை நாங்களும் சரியாகத்தான் ஐயா போட்டோம் என்றேன். அன்றைக்கு முட்டி எங்கே இருந்தது என்பதில் திரைக்கும் குழப்பம் இல்லை, ரீப்ளேக்கும் குழப்பம் இல்லை, எனக்கும் இல்லை. அதை வாயைத் திறந்து சொன்ன இடத்தில்தான் ஆட்டம் போனது. உங்கள் பன்னிரண்டு கேமராவும் கண்டுபிடித்ததை மைதானத்தில் நிற்கிறவளுக்கு யார் சொல்வார்கள், கூரையா என்று கேட்டுவிட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். புதிய இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும், எனக்கும் ஆசைதான். அதோடு பேச்சையும் பழுது பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எப்படி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹெட்செட் இணைப்பில் இனி யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. கள நடுவர் தன் தீர்ப்பை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "களத்தில் நான் கொடுத்தது கோல்." வீடியோ அறை பார்த்துவிட்டு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "தீர்ப்பை மாற்று. ஆஃப்சைடு. கோல் இல்லை." அதைக் கள நடுவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று திரை இயக்குபவர் கேட்டு, பச்சை விளக்கைப் போட்ட பிறகுதான் மறுபடி விசில். "ஆமா", "இல்ல", "சரி", "ம்" நான்குக்கும் தடை. இதையெல்லாம் வாசித்துக் காட்டியதும் ரீப்ளே எழுந்தே நின்றுவிட்டார். "எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லணும்னு நான் முதல்லேருந்தே சொல்றேன் மேடம், முதல்லேருந்தே சொல்றேன்" என்றார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததில்லை.

நேரம் வீணாகும், ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று ஒரு குரல் வந்தது. நேற்று மாலை இரண்டு கிளப் அணிகளை வைத்து ஒரு பயிற்சி ஆட்டத்தில் சோதித்தோம். ஏழு முறை சரிபார்த்தோம். ரீப்ளே கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார். ஒரு தடவைக்கு ஆறு விநாடிதான் கூடியது. கோல் போட்டவன் சட்டையைக் கழற்றிச் சுற்றிவிட்டு மறுபடி மாட்டுவதற்கு நாற்பது விநாடி ஆகிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. நாலாவது சரிபார்ப்பில் பழக்க தோஷத்தில் நானே "ம்" என்றுவிட்டேன். எனக்கே சிவப்பு விளக்கைப் போட்டார் அந்த மனிதர்.

ஆனால் இது எல்லாமே காகிதம்தான் சிட்டு. ஒலிப்பதிவு இல்லாமல் விசாரணையே கிடையாது என்கிறார்கள். விசாரணை இல்லாவிட்டால் பழி உன் காதோடு நின்றுவிடும். ஒரு பெண்ணுக்குக் காது சரியில்லை, அவளை அனுப்பியாகிவிட்டது, முறையில் ஒரு கோளாறும் இல்லை என்று கோப்பை மூடுவார்கள். அடுத்த பருவத்தில் இன்னொருத்தி "இல்லையா?" என்று கேட்பாள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தபால் ஐந்து நாள் எடுக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் எப்போதும் உன்னைவிடத் தெளிவு.

கையெழுத்துக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை

என் சிட்டு,

படிவம் இருபத்தேழாம் தேதி காலை வந்தது. கடிதம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. கையெழுத்து மட்டும். என் முட்டியை வைத்துக்கொண்டு நான் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறி, வரவேற்பில் முத்திரை குத்தி வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

விசாரணை நேற்று முடிந்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத்தான் கடைசிப் பத்தி ஆகாதே. உன் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நீக்கம் ரத்து. பேச்சு முறையை அடுத்த பருவத்தில் எல்லா ஆட்டங்களுக்கும் கட்டாயமாக்குகிறார்கள். அதோடு, தீர்ப்பு மாறும்போது அதற்கான காரணத்தைக் கள நடுவரே ஒலிபெருக்கியில் அரங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்களாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எழுத்தில் வாங்கிவிட்டேன். பிரதியை உன் அம்மாவிடம் கொடுத்தேன். கூரியரில் வந்த அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீளமான மேசை, அந்தப் பக்கம் விசாரணைக் குழுவின் ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் ரீப்ளேயும். பதிவைப் போட்டார்கள். நீ "அக்கா" என்றதும் தலைவர் கையைத் தூக்கி நிறுத்தினார். நெருங்கிய உறவினர்கள் ஒரே ஆட்டத்தில் பணியாற்றக் கூடாது என்று விதி இருக்கிறதே, நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்களா என்று கேட்டார். நான் உன்னைவிட எட்டு மாதம் மூத்தவள், அந்த ஒரே பாவத்துக்காகப் பதிமூன்று வருஷமாக என்னை அக்கா ஆக்கி வைத்திருக்கிறாள் என்றேன். "எட்டு மாசத்துல எப்படிங்க உடன்பிறப்பு, எப்படிங்க உடன்பிறப்பு" என்று ரீப்ளேயும் சேர்ந்துகொண்டார். ஐந்து பேரில் மூன்று பேர் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. "ஆஃப்சைடு இல்லையா?", "ஆமா" என்ற இடத்தை நாலு தடவை போட்டுக் கேட்டார்கள். அவர்களுக்குள்ளேயே இரண்டு பேர் ஒரு விதமாகவும் மூன்று பேர் ஒரு விதமாகவும் புரிந்துகொண்டு தங்களுக்குள் வாதாட ஆரம்பித்தார்கள். என் நாற்பது சீட்டுக்கும் அப்போதுதான் மதிப்பு வந்தது. அந்த இடத்திலேயே உன் பக்கம் ஜெயித்துவிட்டது. பதிவை நிறுத்தியிருக்கலாம். ஆனால் தலைவர் மீதியையும் போடச் சொன்னார்.

மீதியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆட்டம் மறுபடி தொடங்கியதிலிருந்து கடைசி விசில் வரைக்கும் பதினொரு நிமிடம். அதில் நீ மூன்று தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். முதல் தடவை, "அக்கா, கூட்டம் ஏன் இப்படிக் கத்துது?" இரண்டாவது தடவை, "அக்கா, ஏதாவது தப்பா?" மூன்றாவது தடவை மூச்சு வாங்க ஓடிக்கொண்டே, "அக்கா, லைன்ல இருக்கீங்களா?" மூன்றுக்கும் என் பக்கத்திலிருந்து பதில் இல்லை. அந்த அறையில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன் அறிக்கையை எடுத்தார். கடைசிப் பத்து நிமிடம் ஹெட்செட் வேலை செய்யவில்லை என்று நீ எழுதியிருந்ததை வாசித்தார். அந்த வரியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னை மாட்டிவிடக் கூடாது என்று பொய் எழுதியிருக்கிறாய். படிவத்தை இத்தனை நாள் திருப்பி அனுப்பாததும் அதற்குத்தான். நான் மண்டூகம், நீ பிடிவாதம் பிடிக்கிறாய் என்று நினைத்துத் திட்டித் திட்டிக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெட்செட் வேலை செய்ததா என்று கேட்டார்கள். செய்தது என்றேன். அவள் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்றார்கள். மூன்றும் விழுந்தது என்றேன். பிறகு ஏன் பேசவில்லை என்றார்கள். தீர்ப்பை மாற்ற முடியாது என்பதால் சொல்லிப் பயனில்லை என்று நினைத்தேன், இப்படித்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் அது உண்மை இல்லை, பயத்தில் வாய் வரவில்லை, பொத்தானில் விரல் இருந்தது, அழுத்தவில்லை என்றேன். ரீப்ளே இரண்டு முறை என் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார், நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொல்லி முடிக்கும் வரை ரீப்ளே குனிந்துகொண்டிருந்தார். ஒரு தடவைகூடப் பேசவில்லை.

நீ ஆட்டம் முடிந்து சிரித்துக்கொண்டே மைக்குகளுக்கு முன்னால் போய் நின்றாய். நல்ல ஆட்டம், இரண்டு அணிக்கும் வாழ்த்து என்று ஆரம்பித்தாய். அப்போதுதான் ஒருவன் அந்த ஆஃப்சைடு படத்தை உன் முகத்துக்கு நேரே நீட்டினான். நீல நிறச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் உன் மேல் காறித் துப்பியதை நான் திரையில் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ தயாராகப் போயிருப்பாய். தீர்ப்பு மாறியிருக்காது, ஆனால் நீ தனியாக நின்றிருக்க மாட்டாய். என் "ஆமா" தெரியாமல் நேர்ந்த தவறு. அதற்கு விதி எழுதிச் சரி செய்துவிடலாம். இந்தப் பதினொரு நிமிடத்துக்கு என்னால் எந்த விதியும் எழுத முடியவில்லை சிட்டு. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, முட்டியைப் பற்றியும் காற்புள்ளியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினேன்.

என்னை என்ன செய்தார்கள் என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம். வீடியோ அறைக்குள் இனி நான் போக முடியாது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நியாயமான முடிவு. மேல்முறையீடு செய்யப் போவதில்லை, அதற்காக நீயும் படிவம் கிடிவம் என்று எதுவும் ஆரம்பிக்காதே. பதிவைப் போடச் சொல்லிக் கேட்ட அன்றைக்கே இது தெரிந்துதான் கேட்டேன். புதிய பேச்சு முறையை எல்லா நடுவர்களுக்கும் கற்றுக்கொடுக்க ரீப்ளேயைப் போட்டிருக்கிறார்கள். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. என் வீட்டுக்காரர் சோபாவில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டார். நேற்று டிவியில் ஒரு நடுவரைத் திட்ட வாயெடுத்தவர் என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

இப்போது உன் விஷயம். பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் போதாது, உடற்தகுதித் தேர்வில் ஓடித் தேற வேண்டும். வரும் முப்பதாம் தேதி காலை ஏழு மணி, பயிற்சி மைதானம். புத்தகம் அடுக்கிய உடம்பு, மூன்று வாரம் இருக்கிறது, நாளைக்கே ஓட ஆரம்பி. நூலகத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பு. உன் அம்மா அறையைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார். தேர்வில் தேறினால் பருவத்தின் முதல் வாரமே உனக்கு ஓர் ஆட்டம் ஒதுக்குவதாகத் தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். மற்ற மூன்று பெண்களும் உனக்காகக் காத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி, நீ வந்தால்தான் தன்னை விசிலோடு உள்ளே விடுவார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அட்டை இல்லாததால் என்னை மைதானத்துக்குள் விட மாட்டார்கள். வெளிக் கதவுக்குப் பக்கத்தில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நிற்பேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பின்வாசல் வழியாகப் போய்விடு, நான் தப்பாக நினைக்க மாட்டேன். முன்வாசல் வழியாக வந்தால், உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு. இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன்.

கால் சுளுக்காமல், மூச்சு வாங்காமல், நீ எல்லாச் சுற்றும் ஓடி முடிக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு இப்போது வேண்டும். வந்துவிடு கண்ணு.

லைனில் இருக்கும்,
உன் அக்கா